வீடு மனைவி பேரில், தவணை கணவன் கணக்கில்: வரிக் கழிவு யாருக்கு?

திருநெல்வேலிப் பக்கம் வீடு கட்டுகிற பலருக்கு மனை மனைவி வழியில் வந்திருக்கும். மாமனார் பெருமாள்புரத்திலோ கே.டி.சி. நகரிலோ என்றைக்கோ வாங்கிப் போட்ட பிளாட்டை மகள் பேரில் எழுதி வைத்திருப்பார். மருமகனுக்குச் சென்னையில் வேலை. கடன் எடுப்பதும் அவர், மாதாமாதம் தவணை போவதும் அவருடைய சம்பளக் கணக்கிலிருந்துதான். ஜனவரியில் அலுவலகத்தில் முதலீட்டு ஆதாரம் கேட்டால், வங்கி கொடுத்த வட்டிச் சான்றிதழை இணைத்து அனுப்பிவிடுவார். கேட்டால், "பணம் நான்தான கட்டுதேன், அவ பேருன்னா என்ன, எம் பேருன்னா என்ன அண்ணாச்சி" என்பார்கள். குடும்பத்துக்குள் அந்தப் பேச்சு சரி. வருமான வரிச் சட்டம் மட்டும் கணவனையும் மனைவியையும் இரண்டு தனி ஆட்களாகத்தான் பார்க்கிறது.

பலருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் பத்திரம் பதிந்து, வீடும் கட்டி முடித்த பிறகுதான் வருகிறது. பதிவதற்கு முன்பே யோசித்தால் கையில் நாலைந்து வழிகள் இருக்கும். பதிந்த பிறகு ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். வீட்டுக் கடன் வட்டிக்கான கழிவு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 24(பி)-யில் வருகிறது. அது 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற தலைப்பின் கீழ் உள்ள பிரிவு. அந்தத் தலைப்பு வீட்டின் உரிமையாளருக்கு மட்டும்தான் பொருந்தும். ஆகவே கழிவு கேட்க இரண்டு தகுதி வேண்டும்: வீட்டில் உரிமை இருக்க வேண்டும், கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பும் இருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லை என்றால் கழிவு இல்லை. அசலுக்கு 80சி-யில் கிடைக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் இதே கதைதான். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் எண்கள் மாறியிருக்கின்றன, 80சி இப்போது 123 ஆகிவிட்டது. இங்கே எல்லாருக்கும் பழகிய பழைய எண்களையே சொல்கிறேன். உரிமையாளருக்கே கழிவு என்ற அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

ஆக, மனை மனைவி பேரில், வீடும் மனைவி பேரில், கடன் மட்டும் கணவன் பேரில் என்றால் கணவனுக்குக் கழிவு கிடையாது. கடனில் மனைவியும் சேர்ந்திருந்தால் மனைவி கேட்கலாம். அவருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்றால் அந்தக் கழிவு யாருக்கும் உதவாமல் போகும்.

இதைக் கேட்டதும் "அப்ப ஜாயின்டா போட்டிருக்கணுமோ, செட்டில்மென்ட் எழுதிரலாமா" என்று பதறுகிறவர்கள் உண்டு. செட்டில்மென்ட் என்பது பணம் வாங்காமல் குடும்பத்துக்குள் எழுதிக் கொடுக்கும் பத்திரம். அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பல பேருக்கு அந்தக் கணக்கோடு பிரச்சினையே முடிந்துவிடும்.

முதலில் எந்த முறையில் வரி கட்டுகிறீர்கள்?

புதிய வரி முறையில், சொந்தக் குடியிருப்பு வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை. 80சி-யும் இல்லை. பத்திரம் யார் பேரில் இருந்தாலும் இல்லை. 2025-26 நிதியாண்டு முதல் இந்த முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. சம்பளக்காரருக்கு நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 சேர்த்தால் 12.75 லட்சம் வரை வரி இல்லை. மேலப்பாளையத்திலோ அம்பாசமுத்திரத்திலோ ஆண்டுக்கு 9 லட்சம் சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒருவர், வீட்டுக் கடன் கழிவுக்காகப் பத்திரத்தில் பேரைச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. கழிக்க அவருக்கு வரியே இல்லையே.

சரி, சம்பளம் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கூடங்குளத்திலோ மகேந்திரகிரியிலோ வேலை, வள்ளியூரில் சொந்த வீட்டிலிருந்து போய்வருகிறார். வீட்டு வாடகைப்படிக்குக் கழிவு இல்லை. 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை. மாதத் தவணை ஏறத்தாழ 34,700 வரும். முதல் ஆண்டில் வட்டி மட்டும் 3.37 லட்சம், அசல் 80,000-க்குள்.

பழைய முறையில் அவர் எல்லாவற்றையும் கழிக்கட்டும். நிலைக் கழிவு 50,000, வட்டிக்கு உச்சவரம்பான 2 லட்சம், 80சி-யில் ஒன்றரை லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000. மிச்சம் 10.75 லட்சம். செஸ் சேர்த்து வரி 1,40,400. புதிய முறையில் ஒன்றுமே கழிக்காமல் நிலைக் கழிவோடு நிறுத்தினால் வரி 97,500. வீடு முழுக்க அவர் பேரிலேயே இருந்தாலும் பழைய முறை அவருக்கு 42,900 ரூபாய் நட்டம். இவர் மனைவி பேரில் வீடு இருப்பதை நினைத்து வருத்தப்பட ஒன்றுமில்லை.

15 லட்சம் சம்பளத்தில் பழைய முறை லாபமாக வேண்டும் என்றால், நிலைக் கழிவு நீங்கலாகக் குறைந்தது 5.44 லட்சம் கழிவு காட்ட வேண்டும். சம்பளம் 25 லட்சம் என்றால் இந்த எல்லை 8 லட்சத்துக்குப் போய்விடும். சொந்த வீட்டிலேயே குடியிருக்கும் ஒருவருக்கு இந்த எல்லையைத் தாண்டுவது கஷ்டம்.

தாண்டக்கூடியவர் யார்? ஊரில் வீடு கட்டிவிட்டு, வெளியூரில் வாடகைக்கு இருப்பவர். நம் பக்கம் இது சாதாரணம். சென்னையில் மாதம் 25,000 வாடகை, மனைவியும் பெற்றோரும் பாளையங்கோட்டை வீட்டில். அடிப்படைச் சம்பளம் 6 லட்சம், வாடகைப்படியும் போதிய அளவு வருகிறது என்றால், வாடகைப்படியில் 2.4 லட்சத்துக்குக் கழிவு கிடைக்கும். ஊர் வீட்டின் வட்டிக்கும் தனியாகக் கழிவு உண்டு, ஒன்றைக் கேட்டால் மற்றொன்று போகும் என்று எங்கும் இல்லை. இவர் மேலே சொன்ன கழிவுகளோடு இதையும் சேர்த்தால் வருமானம் 8.35 லட்சமாக இறங்கும். வரி 82,680. புதிய முறையின் 97,500-ஐ விட 14,820 குறைவு.

இந்த 14,820-ஐ நன்றாகக் கவனிக்க வேண்டும். "பத்திரத்தில் பேர் இல்லாததால் 2 லட்சம் கழிவு போச்சு, 30 சதவீதத்தில் 60,000 ரூபாய் போச்சு" என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். வட்டிக் கழிவு இல்லையென்றால் அவர் பழைய முறையில் நின்று 1,27,920 கட்டப் போவதில்லை, புதிய முறைக்கு மாறி 97,500 கட்டுவார். பத்திரத்தில் பேர் இருப்பதன் உண்மையான மதிப்பு அவருக்கு ஆண்டுக்கு 15,000-க்கும் கீழேதான். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தத் தொகையோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால்

கணவன் பேரில் மட்டும் பதிவது, மனைவி பேரில் மட்டும் பதிவது, இருவர் பேரிலும் பதிவது என்று மூன்று வழிகள்.

வரியை மட்டும் பார்த்தால், அதிக வரி கட்டுகிறவர் பேரில் வைப்பது நேரான வழி. வட்டி, அசல், பதிந்த ஆண்டில் கட்டிய முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் அவர் கணக்கில் போகும், உச்சவரம்புக்கு உட்பட்டு. எனக்கு இந்த வழி அவ்வளவாகப் பிடிக்காது. காரணம் வரி சம்பந்தப்பட்டது இல்லை. கணவன் பேரில் மட்டும் இருக்கும் வீடு, அவர் உயில் எழுதாமல் இறந்துபோனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அவருடைய தாயார் என்று சம பங்காகப் பிரியும். அந்த வீட்டில் குடியிருக்கும் பெண்ணுக்கு ஒரு பங்குதான் மிஞ்சும். ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்காக இதை மறந்துவிடக் கூடாது.

மனைவி பேரில் மட்டும் பதிவதில் தமிழ்நாட்டில் ஒரு சிறு சலுகையும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் 2 சதவீதத்துக்குப் பதில் 1 சதவீதம். அதிகபட்சம் 10,000 ரூபாய் மிச்சம். ஊருக்கு வெளியே ஒரு சின்ன பிளாட் வாங்குகிறவருக்கு இது பயன்படும், 40 லட்சத்து வீட்டுக்குப் பொருந்தாது. மனைவி நல்ல சம்பளத்தில் இருந்து, கடனும் அவர் பேரில், தவணையும் அவர் கணக்கில் என்றால் இது முழுமையான வழி. அவர் வேலைக்குப் போகாதவர் என்றால் வரிக் கழிவை மறந்துவிட வேண்டியதுதான். கணவன் துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்து இந்தியாவில் வரிக்குரிய வருமானமே இல்லாதவர் என்றால் மறக்கக்கூட எதுவும் இல்லை. அவருக்குக் கழிவு எப்படியும் உதவாது, தாராளமாக மனைவி பேரில் பதியலாம்.

கணவன் பணத்தில் மனைவி பேரில் வாங்கினால் பினாமி ஆகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு பினாமிச் சட்டமே மனைவி, பிள்ளைகள் பேரில் கணக்கில் காட்டிய பணத்தில் வாங்குவதை விலக்கி வைத்திருக்கிறது. அந்தப் பயம் வேண்டாம்.

இரண்டு பேர் பேரிலும் பதிவதுதான் பெரும்பாலானோருக்கு நான் சொல்லும் வழி. பிரிவு 26-ன்படி, பங்கு இன்னதென்று திட்டமாக இருந்தால் ஒவ்வொருவரும் தம் பங்கு வட்டிக்குத் தனித்தனியே 2 லட்சம் வரை கேட்கலாம். கடனிலும் இருவரும் இருக்க வேண்டும். இருவருக்கும் வரி வந்து, இருவரும் பழைய முறையில் இருந்தால் இதை விடச் சிறந்தது இல்லை. ஒருவருக்கு மட்டும்தான் கழிவு தேவை என்றாலும் வீட்டில் மனைவியின் உரிமை பத்திரத்திலேயே நிற்கிறது.

பத்திரத்தில் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். எழுத்தர் வழக்கமாக "நாம் இருவரும் கிரயம் பெற்று" என்று எழுதிவிட்டு, பங்கு எவ்வளவு என்று சொல்லாமல் விட்டுவிடுவார். எதுவும் சொல்லாவிட்டால் பாதிக்குப் பாதி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நம் 40 லட்சக் கடனில் முதல் ஆண்டு வட்டி 3.37 லட்சம் அல்லவா? பாதிப் பங்கு என்றால் கணவனுக்கு 1.68 லட்சம்தான் வரும். மனைவிக்கு வரி இல்லையென்றால் அவர் பங்கு வீண், கணவனின் 2 லட்ச வரம்பிலும் 32,000 காலியாகக் கிடக்கும். அதே பத்திரத்தில் "கணவருக்கு 60 சதவீதப் பிரிபடாத பாகம், மனைவிக்கு 40 சதவீதப் பிரிபடாத பாகம்" என்று ஒரு வரி இருந்தால் கணவனுக்கு 2.02 லட்சம், வரம்பு நிரம்பிவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன் வரைவை வாங்கி இந்த ஒரு வரியைப் பாருங்கள். யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதோடு பங்கும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும். மனைவி ஒரு பைசா போடாமல் 40 சதவீதம் எழுதினால் அது தப்பு என்று இல்லை. பின்னால் அந்தப் பங்குக்கு வாடகை வந்தால் அது கணவன் வருமானத்தில் சேரும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே மனைவியின் மனையில் கட்டியாகிவிட்டது என்றால்

இங்கேதான் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். அதிகம் காதில் விழுவது, "பாதியை செட்டில்மென்ட் எழுதி வாங்கிக்கோங்க, செலவு கம்மி" என்பது. செலவு கம்மிதான். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. பாதி வீட்டின் மதிப்பு 30 லட்சம் என்றால் மொத்தம் 40,000 ரூபாயில் வேலை முடியும். கிரயமாக எழுதினால் 9 சதவீதம், 2.7 லட்சம்.

பதிவுத் துறையைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 27 என்று ஒன்று இருக்கிறது. கணவனோ மனைவியோ, தக்க பிரதிபலன் வாங்காமல் வீட்டை மற்றவர் பேருக்கு மாற்றிக் கொடுத்தால், கொடுத்தவரையே தொடர்ந்து உரிமையாளராகக் கருத வேண்டும் என்கிறது அது. பிரிந்து வாழ்வதற்கான ஒப்பந்தத்தில் கொடுத்தால் மட்டும் விலக்கு. அதாவது மனைவி அன்பினால் எழுதிக் கொடுத்த பாதிக்கும் வரிச் சட்டத்தின் கண்ணில் மனைவிதான் சொந்தக்காரர். எந்தக் கழிவுக்காக செட்டில்மென்ட் எழுதினாரோ அந்தக் கழிவுக்கே ஆதாரம் ஆட்டம் காண்கிறது. 40,000 ரூபாயும் போய், மனைவியின் பிறந்த வீட்டுச் சொத்தில் பாதியும் கைமாறி, அதைத் தன்னிச்சையாக ரத்து செய்யவும் முடியாமல் நிற்க வேண்டியதுதான். தாய்ப்பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருப்பதால் வங்கியின் சம்மதமும் வாங்க வேண்டும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டாவது யோசனை, "மனைதான் அவுக பேர்ல, கட்டடம் நான் கட்டினது" என்பது. இதில் கொஞ்சம் வலு இருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் நிலம் ஒருவருக்கும் அதன்மேல் நிற்கும் கட்டடம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம், குத்தகை நிலத்தில் கட்டுகிறவர்கள் எல்லாம் அப்படித்தான். அதற்குக் காகிதம் பேச வேண்டும். கட்டத் தொடங்குவதற்கு முன்பே மனைவியோடு பதிந்த குத்தகை ஒப்பந்தம், கணவன் பேரில் கடன், அவர் கணக்கிலிருந்து போன கட்டுமானச் செலவு, கட்டடத்துக்கு அவர் பேரில் வீட்டுத் தீர்வை எல்லாம் இருந்தால் வாதாடலாம். நடைமுறையில் கட்டட அனுமதியும் தீர்வை ரசீதும் மின் இணைப்பும் மனைவி பேரில்தான் இருக்கும். அத்தனையையும் மனைவி பேரில் வைத்துக்கொண்டு கட்டடம் மட்டும் என்னுடையது என்றால் அதிகாரி கேட்கமாட்டார். இந்த வழி கட்டப் போகிறவர்களுக்கு மட்டும், அதுவும் நல்ல ஆடிட்டர் துணையோடு.

பத்திரம் இல்லாவிட்டாலும் பணம் போட்டவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்று 1997-ஆம் ஆண்டின் போதார் சிமென்ட் தீர்ப்பைக் காட்டுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கு வேறு. முழுப் பணமும் கொடுத்து வீட்டைக் கையில் வாங்கியவர்கள், பத்திரம் மட்டும் பதியாமல் இருந்தவர்கள் பற்றியது. பதிந்த பத்திரம் இன்னொருவர் பேரில் தெளிவாக இருக்கும்போது அதை நம்பி இறங்க வேண்டாம்.

மூன்றாவது வழி, ஒன்றும் செய்யாமல் விடுவது. வீடு மனைவி பேரிலேயே இருக்கட்டும், கணவன் புதிய முறைக்கு மாறட்டும். வள்ளியூர்க்காரருக்கு இதில் இழப்பே இல்லை. சென்னைக்காரருக்கு ஆண்டுக்கு 14,820. வட்டி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போவதால், பன்னிரண்டு வருஷம் கழித்து அது 2 லட்சத்துக்குக் கீழே இறங்கும், அப்போது அந்த வித்தியாசமும் சுருங்கும். கட்டி முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான்.

மாடியை வாடகைக்கு விட்டிருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். வாடகைப் பகுதியைத் தனி வீடாக எடுத்துக்கொண்டு, தீர்வையும், பராமரிப்புக்கென்று சட்டம் தரும் 30 சதவீதமும், அந்தப் பகுதிக்குரிய வட்டியும் உரிமையாளர் கழிக்கலாம். புதிய முறையிலும் இது உண்டு. ஆனால் வாடகை வருமானம் பூஜ்ஜியம் ஆகும் வரைதான் உதவும், அதற்கு மேல் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்து, மிச்சத்தை 8 ஆண்டு வரை கொண்டுபோகலாம்.

இத்தனை நாள் தெரியாமல் மனைவி வீட்டின் வட்டியைக் கணவன் கழித்து வந்திருந்தால், அதைச் சரிசெய்ய இப்போது வழி இருக்கிறது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானத்திலிருந்து, ரிட்டர்ன் படிவமே கடன் கொடுத்த வங்கி, கடன் கணக்கு எண், கடன் அனுமதித்த தேதி, பாக்கித் தொகை என்று எல்லாம் கேட்கிறது. கூட்டுச் சொத்து என்றால் மற்றவரின் பான் எண்ணும் பங்கு விகிதமும் தர வேண்டும். முன்போல் ஒரு தொகையை மட்டும் போட்டுவிட்டு நகர முடியாது. நோட்டீஸ் வந்து தவறான தகவல் என்று முடிவானால் அபராதம் வரியில் 200 சதவீதம் வரை போகும். நாமாகவே புதுப்பித்த ரிட்டர்ன் போட்டால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வரி, வட்டிக்கு மேல் கூடுதலாக 25 சதவீதம். 24 மாதத்துக்குள் 50, 36 மாதத்துக்குள் 60, 48 மாதத்துக்குள் 70 சதவீதம். பழைய ஆண்டில்தான் சதவீதம் அதிகம், ஒவ்வொரு மார்ச் முடிவிலும் அது ஒரு படி ஏறும். நடப்பு ஆண்டுக்கு, அலுவலகத்தில் கொடுத்த கழிவு விவரப் படிவத்தில் அந்த வட்டியை எடுத்துவிட்டு, புதிய முறையைத் தேர்ந்தெடுத்துச் சம்பளக் கணக்குப் பிரிவுக்கு பிப்ரவரிக்குள் எழுதிக் கொடுத்துவிட்டால், மார்ச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிப்பதைத் தவிர்க்கலாம்.